நெரிசல் தெருவில் ஒரு நாய் தூங்குகிறது

அத்தியாயம் 4

ஊரிலேயே போக்குவரத்து நெரிசல் மிகுந்த தெருவின் நட்ட நடுவில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

நாலு காலையும் நீட்டி, வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, அப்பன் எழுதிவைத்த சொத்தில் படுத்திருப்பதுபோல நிம்மதியாகத் தூங்கியது. நகராட்சியின் போக்குவரத்துக் கணக்கெடுப்பை நம்புவதென்றால், காலையிலிருந்து அதன் மேல் சில நூறு வண்டிகளாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். நாய் நம்பவில்லை போலிருக்கிறது.

"மாமா, இதை எழுப்பி விஷயத்தைச் சொல்லிடலாமா? செத்துப்போனது தெரியாமத் தூங்குது, பாவம்" என்றான் மச்சினன்.

செக்கர் காதில் வாங்கவில்லை. தரையைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார்.

செக்கர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் செக்கர். வேலையில் இருந்த காலம் முழுக்க, ஓடும் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்துத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிவிட்டார். மச்சினன் அவர் மனைவியின் தம்பி. அக்கா வாழப்போன வீட்டை ஒருநாள் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தவன் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, உதவியாளர் பதவியைத் தனக்குத்தானே வழங்கிக்கொண்டான்.

இந்தத் தெருவுக்கு அவர்களை வரவழைத்தவள் ஒரு தையல்காரம்மா. அவள் கடைச் சுவரில் நகராட்சி ஆட்கள் சிவப்பு பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சாலையை அகலப்படுத்தும்போது கோடு வரைக்கும் இடிப்பார்களாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் கடையின் வாசல், தையல் மெஷின், துணி அலமாரி, கல்லாப்பெட்டி எல்லாம் இருந்தன. அந்தப் பக்கம் மிஞ்சுவது ஒரு பின்கதவு. புருஷன் வெளியூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டவன். ஆகவே இந்தக் கடைதான் அவளுக்குப் புருஷன், பிள்ளை, பென்ஷன் எல்லாம். இன்று மத்தியானம் நகராட்சியில் ஆட்சேபணைக் கூட்டம். அதில் தீர்மானம் நிறைவேறிவிட்டால் கடை போய்விடும்.

"யாரோ காசு வாங்கிக்கிட்டு நம்பரை ஏத்தியிருக்காங்க. ரோடு போடற கான்ட்ராக்டராத்தான் இருக்கும்" என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

நேற்று முழுக்கக் கான்ட்ராக்டரைத் தொடர்ந்து அலைந்தார்கள். கண்டுபிடித்த ஒரே உண்மை, அப்படி ஒரு தெரு இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதுதான். இடத்தைச் சொன்னதும் மனுஷன் பதறிப்போனார். "அங்கயா? அங்க என் லாரியே திரும்பாதேய்யா" என்று அவர் தலையில் கைவைத்ததைப் பார்த்தபோது மச்சினனுக்கே பரிதாபமாக இருந்தது.

செக்கர் கடை வாசலுக்கு எதிரே குனிந்தார். தார் ஓரத்தில் துருப்பிடிக்காத புது ஆணி ஒன்று அடித்திருந்தது. தெருவின் மறு ஓரத்திலும் அதேபோல ஒன்று.

"என்ன மாமா அது?"

"ஆணி."

"துப்பறியும் மூளைன்னா இதுதான்" என்று சொல்லிக்கொண்டே மச்சினன் அவரிடம் போகக் காலை எடுத்துவைத்தான். கால் பூமிக்குள் போனது. கடைக்கு நேர் எதிரே தெருவில் ஒரு குழி. அதைக் குழி என்று சொல்வது மரியாதைக்காக. அவன் முழங்கால் வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது.

நாய் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அந்தத் தெருவில் விபத்து என்று அன்று நடந்தது அது ஒன்றுதான்.

நகராட்சித் திட்டப் பிரிவில் பொறியாளரின் மேஜைக்குப் பின்னால் ஊரின் வரைபடம் சுவர் நிறைய மாட்டியிருந்தது. வண்டி அதிகமுள்ள சாலைக்குத் தடித்த கோடு, குறைவான சாலைக்கு மெல்லிய கோடு. பஸ் நிலையச் சாலை ஒரு விரல் தடிமன். மார்க்கெட் சாலையும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி, வரைபடத்தின் மூலையில் ஒரு குட்டிக் கோடு கொழுகொழுவென்று இருந்தது.

"அந்த அட்டைப்பூச்சி என்ன சார்?" என்றான் மச்சினன்.

"அதுதான் உங்க தெரு" என்றார் பொறியாளர் பெருமையாக. சட்டைப் பையில் நான்கு நிறங்களில் பேனா வைத்திருந்தார். "நாங்க யார் முகத்தையும் பார்த்து நிதி ஒதுக்கறதில்ல. எந்த ரோட்டுல வண்டி அதிகமோ அந்த ரோட்டுக்கு நிதி. இதுல அரசியலே கிடையாது. ரோட்டுக்குக் குறுக்க ரப்பர் குழாய் ஒண்ணு போடுவோம். சக்கரம் ஏறினா உள்ள இருக்கிற காத்து அமுங்கும். ஒரு முனையில மாட்டியிருக்கிற பெட்டி உடனே எண்ணிடும். மனுஷன் தப்பா எண்ணுவான். காத்து தப்பா எண்ணாது."

"நீங்க அந்தத் தெருவை நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் செக்கர்.

பொறியாளருக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது. "நேர்ல பார்த்தா நம்ம அபிப்ராயம் உள்ள வந்துடும் சார். அதுக்காகத்தான் பெட்டி வாங்கினோம்."

"சரி. எந்த நேரத்துல வண்டி அதிகம்?"

"அதுதான் ஆச்சரியமே. ஆபீஸ் போற நேரத்துல சுமாராத்தான் இருக்கு. சாயங்காலத்துக்கு மேல பிச்சுக்கிட்டுப் போகுது. அதுவும் ஒரே சீரா. பஸ் நிலையச் சாலையில வண்டி கொத்துக் கொத்தா வரும், நிக்கும். இங்க இடைவெளியே இல்லாம, மாலை கோர்த்த மாதிரி வருது. ஜனங்களுக்கு எவ்வளவு ஒழுக்கம் பாருங்க."

"எப்பவாவது நின்னிருக்கா?"

பொறியாளர் யோசித்தார். "ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கம் கரன்ட் போயிடுச்சு. அப்ப ஒரு வண்டிகூட வரல. கரன்ட் வந்ததும் மறுபடி ஆரம்பிச்சிடுச்சு."

"கரன்ட் போனா வண்டி ஏன் சார் நிக்கணும்?"

"சிக்னல் வேலை செஞ்சிருக்காது."

"அந்தத் தெருவுல சிக்னலே கிடையாதே."

"அதனாலதான் ஒண்ணு வைக்கப்போறோம்" என்றார் பொறியாளர், சற்றும் அசராமல்.

மச்சினன் வாயைத் திறந்தான். இதற்கு மேல் தான் சேர்க்க எதுவுமில்லை என்று தோன்றவே மூடிக்கொண்டான். வாயடிக்கிற தொழிலில் தன்னைவிட மேலான ஒருவரைப் பார்க்கும்போது ஏற்படுகிற பணிவு அது.

அப்போது ஒரு ஆள் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். குழாய் போடப் போகும் இடமெல்லாம் ஆணி அடிப்பவர் அவர்தான். அதனால் ஆபீஸ் முழுக்க அவருக்கு ஆணி என்றே பெயர். தினக்கூலி. ஆணி அடிக்கிற வேலை இல்லாத நாட்களில் தேநீர் கொண்டுவருவார், ஃபைல் தூக்குவார், பொறியாளரின் காரைத் துடைப்பார்.

"குழாய் எவ்வளவு நீளம்ங்க?" என்று செக்கர் அவரிடம் கேட்டார்.

ஆணி பொறியாளரைப் பார்த்தார். பொறியாளரே பதில் சொன்னார். "எல்லாம் ஒரே நீளம்தான். பஸ் நிலையச் சாலைக்குன்னு மொத்தமா வாங்கினது."

"சின்னத் தெருவுக்கு வெட்டிக்குவீங்களா?"

"வெட்டறதா?" பொறியாளர் திடுக்கிட்டார். "அரசாங்கச் சொத்து சார். வெட்டினா ஆடிட்ல யார் பதில் சொல்றது? அப்படியே போட வேண்டியதுதான்."

"மிச்சக் குழாய்?"

"அது ஓரமா கிடக்கும்."

செக்கர் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். பழைய நாட்களில் பஸ்ஸின் பின்வரிசையில் ஒருவன் திடீரென்று ஜன்னல் வழியே இயற்கையை ரசிக்க ஆரம்பித்தால் அவர் முகம் எப்படி மாறுமோ, அப்படி மாறியது.

"அந்தக் குழாயையும் பெட்டியையும் எங்களுக்குக் கொஞ்சம் காட்ட முடியுமா? மத்தியானம் கூட்டத்துக்கு நாங்களே எடுத்துட்டு வந்துடறோம்."

"தாராளமா. இதோட துல்லியத்தை நீங்களே பார்த்தாத்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும்" என்றார் பொறியாளர்.

தையல்காரம்மா மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு குட்டிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறந்த புதிது. இன்னும் சில சீருடைகள் அலமாரியில் பாக்கியிருந்தன. காலால் மிதிக்கிற பழைய மெஷின் அது. மெஷினுக்கு மேலே ஒரு குண்டு பல்பு தொங்கியது.

"கண்டுபிடிச்சுட்டீங்களா சார்?" என்றாள்.

"கொஞ்சம் மிச்சம் இருக்கும்மா" என்றார் செக்கர். மச்சினனிடம் குழாய்ச் சுருளைக் கொடுத்தார். "பெட்டி எதிர் ஓரத்துல இருக்கட்டும். அந்த ஆணி, இந்த ஆணி, ரெண்டுலயும் பிடிச்சுக் குறுக்கப் போடு. மிச்சம் எதுவரைக்கும் வருதுன்னு பார்ப்போம்."

மச்சினன் குழியைச் சுற்றிக்கொண்டு போனான், திரும்பி வந்தான். குழாய் தெருவைத் தாண்டியது, நடைபாதையைத் தாண்டியது, படியேறிக் கடைக்குள் வந்தது. அப்புறமும் மிச்சம் இருந்தது. அவன் இழுத்துக்கொண்டே வர, குழாயின் நுனி மெஷினின் மிதிபலகைக்கு அடியில் போய் நின்றது.

செக்கர் குழாயைப் பார்க்கவில்லை. தையல்காரம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளோ சுவரில் மாட்டியிருந்த காலண்டரை, அதில் இருந்த நீர்வீழ்ச்சியை, வாழ்நாளில் முதன்முறையாகப் பார்ப்பவள்போல ரசித்துக்கொண்டிருந்தாள்.

"மிதிங்கம்மா" என்றார் செக்கர்.

"எதுக்கு சார்?"

"சும்மா. காலர் பாதியில நிக்குதே."

அவள் மிதித்தாள். தெருவின் எதிர் ஓரத்திலிருந்து டிக் என்றது பெட்டி. அப்புறம் டிக், டிக், டிக் என்று மாலை கோர்த்த மாதிரி ஓட ஆரம்பித்தது. தெருவில் நாயைத் தவிர வேறு யாரும் இல்லை.

மச்சினனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாமா, சாயங்காலத்து டிராஃபிக் பூரா பள்ளிக்கூட யூனிஃபார்ம். கரன்ட் போனா பல்பு இல்ல, பல்பு இல்லன்னா தையல் இல்ல. அந்த ஆள் அதுக்கு சிக்னல் வைக்கப்போறானாம். கேஸ் முடிஞ்சுது. மிச்சக் குழாய் வழியில கால்ல தடுக்கியிருக்கும், இவங்க அதை எடுத்து மெஷினுக்கு அடியில தள்ளிவிட்டிருப்பாங்க. யார் மேலயும் தப்பில்ல."

"தள்ளிவிட்ட குழாய் ஒரு இடத்துல நிக்குமாடா? நாலு மிதியில நழுவிப் போயிடும்."

செக்கர் தரையில் மண்டியிட்டு மிதிபலகைக்கு அடியில் கையை விட்டார். தரையில் போட்டிருந்த பலகையில் வரிசையாக நாலு துணிப் பட்டைகள். பேன்ட்டில் பெல்ட் மாட்டுவதற்கு வைப்பார்களே, அதே லூப். இரண்டு பக்கமும் மடித்து, அழகாக ஓரம் அடித்து, சின்ன ஆணியால் பலகையோடு பொருத்தியிருந்தது. குழாய் அதற்குள் நுழைந்தால் அசையாது.

"தற்செயலா நடந்த எதுக்கும் இவ்வளவு நேர்த்தியா ஓரம் அடிச்சு நான் பார்த்ததில்லம்மா" என்றார்.

தையல்காரம்மா சட்டையை மடியில் வைத்தாள். அவளுக்கு அழுகை வரும் என்று மச்சினன் எதிர்பார்த்தான். வந்தது கோபம்.

"ஆமா சார். நான்தான். என்ன இப்போ? வாசல்ல அந்தக் குழியைப் பார்த்தீங்கல்ல?"

"உள்ள போயே பார்த்துட்டேன்" என்றான் மச்சினன், முழங்காலைத் தடவிக்கொண்டு.

"யூனிஃபார்ம் விஷயமாப் பேச வந்த ஒரு டீச்சர் அதுல விழுந்து காலை உடைச்சுக்கிட்டாங்க. அந்தப் பள்ளிக்கூடத்து ஆர்டரே என்னை விட்டுப் போயிடுச்சு. எத்தனை மனு கொடுத்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். இது டிராஃபிக் இல்லாத ரோடும்மா, இதுக்கு நிதி கிடையாதும்மான்னு. குழியை ஒருத்தன் வந்து பார்க்கல. டிராஃபிக்தான வேணும், எடுத்துக்கோங்கடான்னு மிதிச்சேன். ஆணி அடிச்ச அண்ணன்கிட்ட இது என்னன்னு கேட்டேன். இதை அமுக்கினா ஒரு வண்டின்னு அவர் வெள்ளந்தியா சொல்லிட்டுப் போனாரு. தைக்கிற வேலை எப்படியும் இருக்கு, அப்படியே ரோட்டுக்கும் சேர்த்துத் தைச்சேன்." அவள் குரல் இறங்கியது. "நான் ஒரு சட்டி தார்தான் சார் கேட்டேன். அவங்க நாலு வழிச் சாலை கொடுத்துட்டாங்க."

"அப்புறம் எதுக்கும்மா எங்களைக் கூப்பிட்டீங்க?" என்றான் மச்சினன்.

"நானே போய் உண்மையைச் சொன்னா அரசாங்கச் சொத்துல கைவெச்சேன்னு கேஸ் போடுவாங்க. நம்பர் பொய்னு நிரூபணம் ஆகணும், ஆனா என் பேரு வெளியில வரக் கூடாது. உங்களைப் பத்தி விசாரிச்சேன். நீங்க வேற யாரையாவதுதான் கண்டுபிடிப்பீங்கன்னு சொன்னாங்க."

மச்சினன் செக்கரைப் பார்த்தான். "நம்ம நிலையத்துக்கு இவ்வளவு நல்ல பேரா மாமா?"

செக்கர் எழுந்து முழங்காலில் ஒட்டிய நூலைத் தட்டினார். பஸ்ஸில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். சிலரைப் பிடித்த பிறகு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போ என்று விட்டும் இருக்கிறார். மச்சினன் சொல்வதைத்தான் கூட்டத்திலும் சொல்வது என்று முடிவு செய்தார். குழாய் வழியில் கிடந்தது, காலில் தடுக்கியது, மெஷினுக்கு அடியில் தள்ளினார்கள். விபத்து. "அந்த லூப்பைப் பிரிச்சுடுங்க. கூட்டத்துல நீங்க வாயே திறக்க வேண்டாம். தைச்சுக் காட்டினாப் போதும்."

பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "நீ மெஷினைத் தூக்கு."

"இரும்பு ஸ்டாண்டோடயா மாமா?"

"மிதிக்கிறது ஸ்டாண்டுலதான இருக்கு?"

நகராட்சிக் கூட்டத்துக்குத் தெருத் தெருவாக ஆட்கள் வந்திருந்தார்கள். பெரும்பாலும் தங்கள் தெருக் குழியை மூடச் சொல்லி மனு கொடுத்த குழிக்காரர்கள். மனுக்களை விசிறியாக்கி வீசிக்கொண்டு பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் தலைவர், பக்கத்தில் பொறியாளர். தனிப்பட்ட கஷ்டங்களைச் சொல்லக் கூடாது, தொழில்நுட்ப ஆட்சேபணை மட்டுமே ஏற்கப்படும் என்று தலைவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். தன் வீடு இடிபடுவது தொழில்நுட்பமா கஷ்டமா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டதற்கு, அதை எழுத்து மூலமாகக் கேட்கச் சொன்னார்.

தையல்காரம்மாவின் முறை வந்தபோது மச்சினன் ஒரு தள்ளுவண்டியோடு உள்ளே வந்தான். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மெஷின் கூடத்தின் நடுவில் இறங்கிவிட்டது. செக்கர் குழாயைப் பெட்டியில் மாட்டி, கூடத்துக்குக் குறுக்கே போட்டு, மிச்சத்தை மிதிபலகைக்குக் கீழே விட்டார்.

"கடையில எப்படிக் கிடந்ததோ அப்படியே போட்டிருக்கேன்" என்றார். "அம்மா, நீங்க தைங்க."

அவள் தைத்தாள். பெட்டி எண்ண ஆரம்பித்தது. குழாய் நழுவிவிடாதபடி அதன் நுனியைச் செக்கர் செருப்புக் காலால் அமுக்கிக்கொண்டு நின்றது யாருக்கும் தெரியவில்லை. காலர் முடிவதற்குள் நகராட்சிக் கூட்டக் கூடம் மார்க்கெட் சாலையை முந்திவிட்டது.

"இந்த வேகத்துல போனா ஐயா, இந்த ஹாலையும் அகலப்படுத்தணும். உங்க நாற்காலி கோட்டுக்கு அந்தப் பக்கம் வருதா இந்தப் பக்கமா?" என்று மச்சினன் தலைவரிடம் பணிவாகக் கேட்டான்.

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் சர்க்கார் உத்தியோகத்தில் நாள்பட்டவர், சுதாரித்துக்கொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"கருவியில கோளாறு எதுவும் இல்ல. குழாயைச் சரியாப் போடாத ஆளோட கவனக்குறைவு இது" என்றார். கதவோரம் தட்டோடு நின்ற ஆணியைக் கைகாட்டினார். "மிச்சத்தைக் கட்டிவைக்காம ஒரு கடைக்குள்ள விட்டிருக்கான். தினக்கூலி ஆள்தான். இன்னிக்கே நிறுத்திடறோம். பிரச்சினை தீர்ந்தது."

ஆணி தட்டிலிருந்த காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார். தலைவர் ஆகட்டும் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

செக்கர் தையல்காரம்மாவைப் பார்த்தார். பேசாதே என்று கண்ணாலேயே சொன்னார். கடை தப்பித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதும். அவள் மிதிப்பதை நிறுத்தினாள். தைத்த காலரின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எழுந்து நின்றாள்.

"அந்த அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல. குழாயை ஒழுங்கா ஓரமாத்தான் சுத்திவெச்சுட்டுப் போனாரு. நான்தான் உள்ள இழுத்தேன். வேணும்னே மிதிச்சேன். உங்க வரைபடத்துல அந்தத் தெருவுல காட்டியிருக்கே டிராஃபிக், அது நான்தான் சார்."

போச்சு என்று மச்சினனுக்குத் தோன்றியது. கடையை மீட்கப் போய், கடைக்காரியைச் சிறைக்கு அனுப்புகிற முதல் துப்பறியும் நிலையம் என்ற பெருமை கிடைக்கப்போகிறது. அந்த அம்மாவை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது. இதுவரை நிலையத்துக்கு வந்தவர்களில் தப்பு செய்துவிட்டுத் தலைநிமிர்ந்து நின்றது அவள் ஒருத்திதான்.

தலைவர் பொறியாளர் பக்கம் சாய்ந்தார். மெதுவாகத்தான் பேசினார். குழாயைச் சுருட்டுகிற சாக்கில் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மச்சினனுக்கு அத்தனையும் கேட்டது.

"கேஸ் போடலாமா?"

"போடலாம் ஐயா. கோர்ட்டுல பெட்டியைக் கொண்டுவரச் சொல்வாங்க."

"சொன்னா?"

"இதே பெட்டியை வெச்சுத்தான் ஐயா போன வருஷம் உங்க வீட்டு முன்னாடி ரோடு போட்டோம். அங்க எப்படி அவ்வளவு வண்டி வந்ததுன்னும் கேப்பாங்க. உங்க தோட்டக்காரர் அப்ப குழாய் மேல..."

"போதும்" என்றார் தலைவர்.

தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் தகப்பனுக்குரிய கனிவு வந்து உட்கார்ந்திருந்தது. "அம்மா, ஒரு ஏழைத் தொழிலாளியைக் காப்பாத்தறதுக்காக இல்லாத பழியை உங்க மேல போட்டுக்கறீங்க. உங்க பெரிய மனசு எங்களுக்குப் புரியுது. ஆனா இவ்வளவு நுட்பமான விஷயமெல்லாம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? உட்காருங்க."

"நான்தான் செஞ்சேன்னு சொல்றேனே சார்."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. இது காத்தழுத்தக் கோளாறு. யாரோட தப்பும் கிடையாது. அந்த ஆள் வேலையிலயே இருக்கட்டும். தெருவை அகலப்படுத்தற தீர்மானம் கைவிடப்படுகிறது. அடுத்தது?"

ஒரு மனுஷி வாய்விட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டும், ஏற்கமாட்டோம் என்று ஒரு சபையே கூடி மறுத்ததை மச்சினன் அன்றுதான் பார்த்தான். செக்கர் வேலையில் இருந்த காலம் முழுக்க, டிக்கெட் எடுக்கவில்லை என்று சொன்னவனிடம் எடுத்துவிட்டாய் போ என்று அவர் வாதாடியது கிடையாது.

தையல்காரம்மா மெஷினைப் பிடித்துக்கொண்டாள். கடை தப்பித்தது என்பது மெல்ல மெல்லத்தான் அவளுக்கு உறைத்தது. கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்பதுபோல ஒன்றைக் கேட்டாள்.

"அப்போ அந்தக் குழி சார்?"

பொறியாளர் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து வரைபடத்தின் நகலில் எதையோ அடித்தார். சொந்த மண்ணில் காலூன்றிவிட்ட நிம்மதி அவர் குரலில் இருந்தது. "அது டிராஃபிக் இல்லாத ரோடும்மா. நிதி கிடையாது."

வெளியே வராந்தாவில் மச்சினன் மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஆணி வந்து ஒரு பக்கம் பிடித்தார். ஏற்றி முடித்ததும் தையல்காரம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். செக்கர் சுவரோரம் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கூட்டம் முடிவதற்கு முன்னாலேயே பின்வரிசைக் குழிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். முதலில் ஒரு பேக்கரிக்காரர் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, எங்க தெருவுல அடுத்த வாரம் குழாய் போடறாங்களாம். கடையில ஒரு மூலையில இடம் ஒழிச்சுத் தர்றேன். நல்ல வெளிச்சம் இருக்கு. அங்க வந்து கொஞ்ச நாள் தைக்கிறீங்களா?"

அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பலர், சத்தமில்லாமல், ஒரே சீராக, வராந்தாவின் கடைசி வரைக்கும். ஊரிலேயே உண்மையான நெரிசல் அங்கேதான் இருந்தது. அதை எண்ணுவதற்குப் பெட்டி எதுவும் இல்லை.

தையல்காரம்மா செக்கரைத் திரும்பிப் பார்த்தாள். செக்கர் சட்டென்று வெளியே தெரிந்த மரத்தின் அழகை ரசிக்க ஆரம்பித்தார்.

"வர்றேன்" என்றாள் அவள் பேக்கரிக்காரரிடம். "ஆனா கொஞ்சமாத்தான் தைப்பேன். குழியை மூட எவ்வளவு மிதிக்கணும், எங்க நிறுத்தலன்னா வீடு போகும்னு எனக்கு இப்போதான் பிடிபட்டிருக்கு."